சந்தனமாரியும் ஒரு றாவும்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரைக்கும் என் மைக் செட் பாடாத ஊர் கிடையாது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ‘வேதமாணிக்கம் சவுண்ட் சர்வீஸ்’ குழாய் ஸ்பீக்கர்கள்தான் வேப்பமரத்தில் ஏறும். எனக்குப் பாட வராது. ஆனால் பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன், யாருக்குக் கோபம் வந்தாலும் சரி. இசை நாடகத்தில் காதல் பாட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. ராஜாவும் ராணியும் நந்தவனத்தில் நின்று உருக ஆரம்பித்தால் சனம் துண்டை விரித்துப் படுத்துவிடும். தத்துவப் பாட்டு வந்தால் டீக்கடைக்குப் போய்விடும். பொறாமைப் பாட்டு வந்தால்தான் படுத்தவன் எழுந்து உட்காருவான், டீக்கடைக்குப் போனவன் கிளாசோடு ஓடி வருவான்.

அந்தப் பாட்டைப் பாடுவதற்கென்றே எங்கள் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். பெயர் சந்தனமாரி. பிறந்தது விளாத்திகுளத்துக்குக் கிழக்கே மிளகாய் விளைகிற ஒரு கிராமம். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால், கோவில்பட்டியில் அத்தை வீட்டுக்கு வந்து தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினாள். குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகும் அந்த வேலைக்குக் கை ஓடினால் போதும், வாய் சும்மாதான் இருக்கும். இவள் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் பாடியதைக் கேட்ட நாடக ஏஜெண்டு ஒருவர் அத்தையிடம் பேசிக் கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் கொடுத்தது இளையராணி வேஷம். வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நிற்க வேண்டும். சந்தனமாரிக்கு வெட்கம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ராஜாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ராஜாதான் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நாடகத்திலேயே அவளை மூத்தராணி ஆக்கிவிட்டார்கள்.

நாடகத்தின் பெயர் ‘இளையராணி வருகை’. கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. வேட்டைக்குப் போன ராஜா மானுக்குப் பதிலாக ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறார். மூத்தராணி ஆரத்தித் தட்டோடு கதவைத் திறக்கிறாள். திறந்ததும் பாட்டு.

வாசலிலே வந்தது யார் – என்
வாழ்வழிக்க வந்தவளோ?
மஞ்சளிலே பங்கு கேட்க
எந்த ஊரு மூதேவி?
பூமுடிச்சு வந்தவளே – இந்தப்
பூ உனக்கு எதுக்கடி?

கடைசி அடி பாடும்போது இளையராணி தலையிலிருந்து பூவைப் பிடுங்கி ராஜா முகத்தில் எறிவாள். கூட்டம் விசிலடித்து ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும். இளையராணி வேஷம் கட்டுகிறவள் இன்னொரு முழம் பூ இடுப்பில் சொருகி வைத்திருப்பாள், மறுபடி பிடுங்கக் கொடுக்க வேண்டுமே. அந்தப் பாட்டு முடிகிறவரை கூட்டத்தில் எந்த ஆம்பளையும் கடலை வாங்கக்கூட எழுந்திருக்க மாட்டான். எழுந்தால் எங்கே போகிறாய் என்று பக்கத்திலிருந்து கேள்வி வரும். ஒரு ஊரில் இவள் பாடி முடித்த மறுநாள் ஊருக்குள் பாதிப் பெண்கள் புருஷனோடு பேசவில்லை. இனிமேல் இந்த நாடகமே வேண்டாம் என்று ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். அடுத்த வருஷம் அதே ஊரிலிருந்துதான் முதல் ஆளாக வந்து தேதி கேட்டார்கள்.

இத்தனைக்கும் மேடையை விட்டு இறங்கினால் அவளிடம் பொறாமை என்பது மருந்துக்கும் கிடையாது. கூட நடிக்கிறவள் புதுச்சேலை கட்டினால் கொசுவம் சரி செய்து விடுவாள். “பெறகு எங்கயிருந்து தாயி பாட்டுல இம்புட்டு எரிச்சல் வருது?” என்று ஒருநாள் கேட்டேன். “பஸ்ஸுல எனக்குப் பின்னால ஏறுனவளுக்கு சன்னலோரம் எடம் கெடச்சா வருமே அண்ணாச்சி, அதத்தான் பாடுதேன். ராசா மேலல்லாம் எனக்கு ஒண்ணும் கெடையாது. அந்த ஆளு பல்லு வெளக்குதாரான்னே சந்தேகமா இருக்கு” என்றாள்.

பொறாமை இல்லையே தவிரப் பொறுமையும் இல்லை. விளாத்திகுளம் பஸ் கொஞ்சம் தாமதித்தால் நிற்க மாட்டாள், நடக்க ஆரம்பித்துவிடுவாள். அரை மைல் போனதும் பஸ் அவளைத் தாண்டிப் போகும். கையைக் காட்டுவாள், நிறுத்த மாட்டான். அடுத்த பஸ் வருகிறவரை நடுக்காட்டில் நின்று டிரைவரின் வம்சத்தையே விசாரிப்பாள். இது மாசத்தில் நாலு தடவை நடக்கும்.

இப்படி இருந்தவளுக்கு எழுபத்தொன்பதாம் வருஷம் ஒரு எழுத்தால் வினை வந்தது.

எங்கள் நாடகங்களுக்கு நோட்டீஸ் அடிப்பது கிறிஸ்துராஜ். சின்ன அச்சகம், முதலாளியும் அவரே, எழுத்துக் கோப்பவரும் அவரே. அரசாங்கம் புது எழுத்து உத்தரவு போட்டிருந்த நேரம். பழைய றா ஒரே எழுத்தாக, கீழே சுழித்துக்கொண்டு நிற்கும். அது இனிமேல் கிடையாது, ற போட்டுப் பக்கத்தில் கால் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துராஜ் சட்டத்துக்குப் பயந்தவர். பழைய றா எல்லாவற்றையும் அள்ளிப் பழைய ஈயத்துக்குப் போட்டுவிட்டு, எழுத்துப் பெட்டியில் காலியான அந்தக் குழியில் மிச்சமிருந்த று எழுத்துகளைக் கொட்டி வைத்தார். மூளைக்குப் புது உத்தரவு தெரியும். கைக்குத் தெரியாது. சந்தனமாரி பெயருக்கு மேலே போட வேண்டிய பட்டத்தைக் கோக்கும்போது கை பழைய குழிக்குப் போனது. ‘பொறாமைப் பாட்டுப் புகழ் சந்தனமாரி’ என்று வர வேண்டியது, ‘பொறுமைப் பாட்டுப் புகழ் சந்தனமாரி’ என்று கொட்டை எழுத்தில் வந்து, எட்டயபுரம் ரோடு பூராவும், விளாத்திகுளம் வரைக்கும் சுவரில் ஏறிவிட்டது.

நானும் சந்தனமாரியும் சண்டைக்குப் போனோம். “புரூஃப் பாத்தது யாரு?” என்றேன்.

“நாந்தான் பாத்தேன்” என்றார் கிறிஸ்துராஜ். “பொறுமைன்னு இருந்துச்சு. நல்ல வார்த்தையாத்தான இருக்குன்னு விட்டுட்டேன்.”

அவர் நல்ல வார்த்தை என்றது ஊருக்கும் அப்படியே பட்டது. அந்த மாச நாடகத்துக்கு முன்வரிசையில் விபூதி பூசிய கிழவர்களாக வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி, ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு கூட்டத்துக்கு அந்தப் பொறுமைப் பாட்டம்மாவை அழைத்து வர முடியுமா என்று என்னிடமே கேட்டார். அவர் குடும்பத்து நிம்மதியை நினைத்து, முடியாது என்றேன்.

அதற்குப் பிறகுதான் விளாத்திகுளத்திலிருந்து ஆள் வந்தது.

அங்கே ஒரு பருத்தி ஜின்னிங் பேக்டரியில் ஆறுமுகசாமி என்று ஒரு எடைக்காரர். பெண்சாதி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. நல்ல மனுஷர். ஆனால் நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். தராசு முள் ஆட்டம் நின்று, நின்றது நின்றதுதானா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் எடையைச் சொல்வார். வாழ்க்கை முழுவதையும் அதே கணக்கில்தான் நடத்தினார். அவரை வளர்த்த அக்காள் மீனாட்சியம்மாள் தினமும் மத்தியானம் சோறு கொண்டுபோவாள். தம்பி தின்று முடிக்கும்வரை எதிர்ச்சுவரில் இருப்பதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் வழக்கம். அந்தச் சுவரில்தான் எங்கள் நோட்டீஸ் இருந்தது. தினம் தினம் அதையே படித்தாள். தம்பியோடு குடும்பம் நடத்த இந்த உலகத்தில் ஒருத்திக்கு என்ன குணம் வேண்டுமோ அது கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பொறுமையைப் பற்றிப் பாடியே புகழ் வாங்கியவள் என்றால் அவளிடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள். நாடகம் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. விசாரித்து, அத்தை வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள்.

சேதி வந்ததும் சந்தனமாரி என் கடைக்கு ஓடி வந்தாள். “அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராவ. வந்து பொறுமைப் பாட்டு பாடச் சொல்லுவாவளாம்.”

“அச்சுப்பிழைன்னு சொல்லிருவோம். பொய்யில ஆரம்பிக்கக் கூடாது பாத்துக்கோ” என்றேன்.

“சொன்னா போயிருவாவ” என்றாள். கொஞ்ச நேரம் என் பழைய ஆம்பிளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவியள நான் ஒருக்க பாத்திருக்கேன். எங்க மாமா பருத்தி போட்ட அன்னைக்கு நானும் போயிருந்தேன். ஏவாரி வெரசா வெரசான்னு கத்துதாரு, இவிய முள்ளு நிக்கட்டும்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு நின்னாவ. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. மேடையில எனக்கு வாய்ச்ச ராசா ஒருத்தனும் எங்கூட இருந்ததில்ல அண்ணாச்சி, எல்லாவனும் இளையவ பின்னாலயே போயிருதான். இவிய ஒரு எடத்த விட்டு எந்திரிக்கதுக்கே ரொம்ப நேரம் ஆகும். எனக்கு இவியதான் வேணும்.”

அவளுக்குச் சொல்ல வேறு அண்ணன் தம்பி கிடையாது. எனக்கு மனசு இளகிவிட்டது. பாட்டை நாங்களே திருத்துவது என்று முடிவு செய்தோம்.

திருத்துவது நினைத்ததைவிட லேசாக இருந்தது. ‘வாழ்வழிக்க வந்தவளோ’ என்பதில் ழியை எடுத்துவிட்டு ளியைப் போட்டால் ‘வாழ்வளிக்க வந்தவளோ’. எங்கள் ஊர் வாயில் இரண்டும் ஒன்றுதான், அதனால் அவள் புதிதாக ஒன்றும் பழக வேண்டியதில்லை. மூதேவியைச் சீதேவி ஆக்கினோம். ‘இந்தப் பூ உனக்கு எதுக்கடி’ என்பதை ‘இன்னும் பூ உனக்குத் தரட்டுமா’ என்று மாற்றினோம். ஒரு சக்களத்தியை இவ்வளவு அன்பாக வரவேற்ற பெண் வேறு எந்த நாடகத்திலும் கிடையாது. நான் அந்த நாடகத்துக்கு வாத்தியாராக இருந்திருந்தால் அன்றைக்கே கொட்டகையைப் பிரித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை விட்டு வெறித்திருந்தது. கரிசல் மண் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சியம்மாள் அத்தை வீட்டு வாசல் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். மாப்பிள்ளை ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு, செருப்பிலிருந்த சேற்றை ஓரத்திலிருந்து வழிக்க ஆரம்பித்தார். ஒரு செருப்பு முடிந்தது. அதைத் தள்ளி நின்று பார்த்தார். விட்டுப்போன இடத்தை மறுபடி வழித்தார். பிறகு அடுத்த செருப்பு. சந்தனமாரி கதவுக்குப் பின்னால் நின்று, “உள்ள வாராவளா, இல்ல மழைக்காலம் முடியட்டும்னு நிக்காவளா?” என்று என் காதைக் கடித்தாள். “பொறுமை” என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

பக்கத்து வீட்டுப் பத்திரகாளி அத்தைக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்தாள். சின்ன வயசு, துறுதுறுவென்று இருப்பாள். காப்பியும் காராச்சேவும் கொண்டு வந்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க அடுக்களை நிலையிலேயே சாய்ந்து நின்றுகொண்டாள். ஆறுமுகசாமி காப்பியை ஊதினார். ஊதிவிட்டு யோசித்தார். பிறகு ஒரு மடக்கு. மறுபடி ஊதினார்.

“நாடகக்காரின்னு எங்க ஊர்ல நாலுபேரு சொல்லத்தான் செய்வாவ” என்று மீனாட்சியம்மாள் ஆரம்பித்தாள். “சொல்லிட்டுப் போட்டும். எனக்கு நகையும் வேண்டாம் நட்டும் வேண்டாம். இந்தா பாக்குதீயல்ல, இவன் காப்பி குடிக்கத. இதப் பாத்து மொகம் சுளிக்காத ஒருத்தி வேணும். அந்தப் பாட்ட ஒருக்க பாடு தாயி, காதுகுளிரக் கேப்போம்.”

சந்தனமாரி நடு வீட்டில் வந்து நின்றாள். ஆரத்தித் தட்டு இல்லாததால் காராச்சேவுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது இல்லாமல் அவளுக்குப் பாட்டு வராது. “வாசலிலே வந்தது யார்” என்று மெதுவாகத்தான் எடுத்தாள். சீதேவி வரைக்கும் வார்த்தை ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் நாங்கள் வார்த்தையைத்தான் மாற்றியிருந்தோம். அவள் முகத்துக்கும் இடுப்புக்கும் யாரும் சொல்லவில்லை. ‘வாழ்வளிக்க’ என்றபோது புருவம் ஏறியது. ‘சீதேவி’ என்றபோது பல்லைக் கடித்தாள், இடது கை இடுப்புக்குப் போனது, காலால் ஒரு மிதி மிதித்தாள், தட்டிலிருந்த காராச்சேவு துள்ளியது. மீனாட்சியம்மாள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கையை ஆட்டிப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கிற நிலைமையில் இல்லை.

“பூமுடிச்சு வந்தவளே, இன்னும் பூ உனக்குத் தரட்டுமா” என்று பாடிக்கொண்டே, மீனாட்சியம்மாள் கொண்டையிலிருந்த கனகாம்பரத்தை ஒரே இழுப்பில் பிடுங்கி, மாப்பிள்ளை முகத்தில் எறிந்தாள்.

பூ மாப்பிள்ளை மூக்கில் பட்டு, காப்பி டம்ளருக்குள் விழுந்திருந்தது. கொண்டை அவிழ்ந்து தொங்க, மீனாட்சியம்மாள் எழுந்து நின்றாள்.

“இதா பொறுமை?”

இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. நான்தான் சொன்னேன். அரசாங்க உத்தரவு, பழைய ஈயம், கிறிஸ்துராஜின் கை எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு றா தப்பிவிட்டது, மற்றபடி பெண் தங்கமான பெண் என்றேன். நான் பேசப்பேச மீனாட்சியம்மாள் கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். முடிந்து முடித்ததும், “எந்திரி தம்பி” என்றாள்.

சந்தனமாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். கண் கலங்கிவிட்டது. எத்தனையோ தடவை அவள் மேடையில் அழுது பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் சத்தம் மூன்றாவது குழாய் வரைக்கும் போகும். இது சத்தமே இல்லாமல் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

ஆறுமுகசாமி எழுந்திருக்கவில்லை. வழக்கம்போல் நேரமாகிறது என்றுதான் நினைத்தோம். அவர் டம்ளரிலிருந்த பூவை எடுத்து, உதறி, பக்கத்தில் வைத்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார், மூடினார். நாங்கள் எல்லோரும் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எனக்குத் தெரியும்க்கா” என்றார்.

“என்ன தெரியும்?”

“பொறாமைப் பாட்டுன்னு. போன வருசம் புதூர் கொடையில கேட்டேன். அதுக்கு முந்தின வருசமும் கேட்டேன்.”

“அப்ப நோட்டீஸ் தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தியா? ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ பொண்ணு பாக்க நாள் குறிச்சிட்ட.”

மீனாட்சியம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது. காத்திருந்தோம். தெருவில் ஒரு மாட்டுவண்டி சேற்றில் மாட்டி, நாலு பேர் தள்ளிவிட, போயே போய்விட்டது. அதற்குப் பிறகு பேசினார்.

“செத்துப்போனவ நல்லவதான். ஒரு கொறை சொல்ல முடியாது. சீசன்ல பேக்டரியிலேயே ரெண்டு நாளு தங்கிட்டு வந்தாலும், எங்கன இருந்தீயன்னு கேட்டதில்ல. நான் எங்கன போயிரப்போறேன்னு அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை. ஊருக்கே அந்த நம்பிக்கை. என்னை எவளாச்சும் கொத்திட்டுப் போயிருவான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் பயந்ததில்லக்கா. இவிய அந்தப் பூவத் தூக்கி அந்த ராசா மூஞ்சியில எறிஞ்சாவ பாத்தியா, எனக்கு அன்னைக்கு அந்த ஆளு எடத்துல இருக்கணும்போல இருந்துச்சு.” டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்த பூவைப் பார்த்தார். “என்னை வச்சுப் பொறாமப்பட ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்.”

இவ்வளவு பேச்சு அவர் ஒரே நாளில் பேசி மீனாட்சியம்மாளே கேட்டதில்லையாம். அவள் தம்பியைப் பார்த்தபடியே இருந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. “இதையும் எங்கிட்ட சொல்லல பாரு” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

இப்போது சந்தனமாரி ஏதாவது சொல்ல வேண்டும். அவரைப் பார்த்தாள். அவருடைய நரைத்த மீசையையும், சேறு போகத் துடைத்த கால்களையும், மடியில் ஒட்டியிருந்த பூ இதழையும் பார்த்தாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினாள். அங்கே பத்திரகாளி நிலையில் சாய்ந்து, இப்படியும் ஒரு ஆம்பளையா என்று வாயைப் பிளந்து மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தனமாரியின் முகம் மாறியது. புருவம் ஏறவில்லை, கை இடுப்புக்குப் போகவில்லை. மேடையில் ஒருநாளும் நான் பார்க்காத முகம். குரலும் தாழ்ந்துதான் வந்தது.

“ஏட்டி பத்திரகாளி, அவிய மொகத்துல என்னட்டி எழுதியிருக்கு? உள்ள போ.”

ஆறுமுகசாமி சட்டென்று சிரித்துவிட்டார். அவர் சட்டென்று ஒன்றைச் செய்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.